நமத்த செம்பேயும் 6.4 கிலோமீட்டர் தண்டவாளமும்

ரயில் கம்பெனி அறிவிப்பு என்றால் ‘தவிர்க்க இயலாத காரணங்களால்’ என்றுதான் ஆரம்பிக்கும், எந்த ஊராக இருந்தாலும். 2006 நவம்பர் நடுவில் ஜப்பானின் சிபா மாகாணத்தில் சோஷி மின்ரயில் கம்பெனி தன் இணையதளத்தில் போட்ட அறிவிப்பு அந்த வகையில் சேராது. ரயில் தொடர்ந்து ஓட வேண்டுமானால் எங்கள் நூரே செம்பேயை வாங்குங்கள், ரயிலைப் பழுதுபார்க்கும் காசை நாங்கள் சம்பாதித்தே ஆக வேண்டும் என்பதுதான் அதன் சாரம். சுற்றிவளைப்பு எதுவும் இல்லை.

செம்பே என்பது அரிசிமாவை வட்டமாகத் தட்டிச் சுட்டெடுக்கும் வில்லை. கடித்தால் நொறுங்க வேண்டும். நூரே செம்பே அதற்கு நேர்மாறு. சுட்ட சூட்டோடு சோயா சாஸில் முக்கி, அந்த ஈரம் உள்ளே ஊறியபடியே பையில் போட்டுவிடுவார்கள். மழைக்காலத்தில் டப்பாவை மூட மறந்த முறுக்கு எப்படி இருக்கும்? அப்படி நமத்து, பல்லில் இழுபடும். உப்பும் லேசான இனிப்பும் நாக்கில் நிற்கும். ‘நூரே’ என்றாலே நனைந்தது என்றுதான் பொருள். நாம் தூக்கிப்போடுகிற பதத்தில்தான் அங்கே விற்கிறார்கள்.

அறிவிப்பு வந்த இரண்டு வாரத்துக்குள் பத்தாயிரத்துக்கும் மேல் ஆர்டர்கள் வந்து குவிந்தன. சாகக் கிடந்த ரயிலை ஒரு தின்பண்டம் காப்பாற்றியது என்று இன்றுவரை இந்தக் கதை உலகம் முழுக்கச் சொல்லப்படுகிறது. பொய்யில்லை. ஆனால் பாதிக் கதை. செம்பே அந்தக் கம்பெனிக்கு வாங்கித் தந்தது அவகாசத்தைத்தான்; தண்டவாளத்தைத் தாங்கிய பணம் வேறு இடத்திலிருந்து வந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டுமானால் 1913-க்குப் போக வேண்டும்.

முதல் லைன்: பிரித்து விற்றார்கள்

கான்டோ சமவெளியின் கிழக்குக் கோடியில், தோனே ஆறு பசிபிக்கில் கலக்கும் முனையில் இருக்கிற ஊர் சோஷி. மீன்பிடித் துறைமுகம். அதைவிடப் பழைய பெருமை சோயா சாஸ். ஹிகெடா 1616-லும் யமாசா 1645-லும் இங்கே தொடங்கின. டோக்கியோ ‘எதோ’வாக இருந்த காலத்தில் பீப்பாய் பீப்பாயாகச் சாஸ் ஆற்று வழியாகப் படகில் போனது. 1897-ல் டோக்கியோ பக்கமிருந்து ரயில் வந்து சேர்ந்தது. ஊரைத் தாண்டிக் கடல்முனையில் இனுபோசாக்கி கலங்கரை விளக்கம். 1874-ல் ஏற்றியது, வடிவமைத்தவர் ரிச்சர்ட் ஹென்றி பிரண்டன் என்கிற ஸ்காட்லாந்துக்காரர்.

சோஷி வரை ரயிலில் வருகிறவர்களை அப்படியே கலங்கரை விளக்கத்துக்கும் கூட்டிப்போனால் என்ன என்ற யோசனையில் பிறந்ததுதான் முதல் லைன். பெயரே ‘சோஷி உல்லாசப் பயண ரயில்’. 1913 டிசம்பர் 28 அன்று இனுபோ வரை 5.9 கிலோமீட்டருக்கு ஓட ஆரம்பித்தது. வேடிக்கை பார்க்க வருகிறவர்களை மட்டும் நம்பிய லைன் அது. கூட்டம் இருக்கும் நாள் கொஞ்சம், இல்லாத நாள் அதிகம். நாலு வருஷம்கூடத் தாங்கவில்லை. 1917 நவம்பரில் மூடிவிட்டார்கள்.

மூடிய விதம்தான் கவனிக்க வேண்டியது. முதல் உலகப் போரில் இரும்பு விலை தலைக்கு மேல் ஏறிக்கிடந்த நேரம். ரயில் ஓட்டினால் நஷ்டம், தண்டவாளத்தைக் கழற்றி விற்றால் காசு. கழற்றி விற்றார்கள். அந்தப் பாதையில் அப்புறம் கொஞ்ச காலம் பஸ் ஓடியது.

இரண்டாவது லைன்

1922-ல் புதிய கம்பெனி. 1923 ஜூலை 5-ல் ரயில் திரும்ப ஓடியது. பழைய பாதை மேடுதான், ஆனால் இந்த முறை இனுபோவோடு நிற்காமல் தோகவா வரை போய் 6.4 கிலோமீட்டர் ஆனது. கூடுதல் தூரம் அரை கிலோமீட்டர்தான். ஆனால் அந்த அரை கிலோமீட்டரில்தான் லைனுக்குப் பிழைப்பு வந்தது என்று நினைக்கிறேன். தோகவா சுற்றுலா இடம் இல்லை, மீனவர் ஊர். 17-ஆம் நூற்றாண்டில் கிஷூ பகுதியிலிருந்து வந்த சகியாமா ஜிரோயேமோன் என்பவர் துறைமுகம் கட்டி, சரிவில் கல் பாவிய தெருக்களை நேர்நேராக இறக்கி உருவாக்கிய ஊர். யமாசாவைத் தொடங்கியவரும் கிஷூவிலிருந்து வந்தவர்தான். ஆக, லைனின் ஒரு முனையில் சாஸ், மறுமுனையில் மீன். பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் தினமும் போய்வர ஆள் இருக்கிற ஊரில் ரயிலுக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஒன்றுதான், செவ்வாய்க்கிழமையும் ஒன்றுதான்.

1925-ல் 600 வோல்ட் நேர்மின்சாரத்துக்கு மாறினார்கள். அகலம் 1,067 மில்லிமீட்டர், நம் பழைய மீட்டர் கேஜைவிட மூன்று விரற்கடை கூட. ஒற்றைப் பாதை. சரக்கும் போனது, யமாசா ஆலைக்குள்ளேயே கிளைத் தண்டவாளம் இருந்தது. 1984 வரை அந்தச் சரக்குப் போக்குவரத்து நீடித்தது. அந்த வேலைக்காக வைத்திருந்த எஞ்சின் ‘தேகி 3’ 1922-ல் ஜெர்மனியின் ஏஇஜி கம்பெனி செய்தது; நிலக்கரிச் சுரங்கம் ஒன்றிலிருந்து 1941-ல் சோஷிக்கு வந்தது. நீளம் நாலரை மீட்டர்கூட இல்லை. அலமாரிக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருக்கும் அந்த எஞ்சினைப் பார்ப்பதற்கென்றே இன்றும் ஆட்கள் நகானோசோ பணிமனைக்கு வருகிறார்கள்.

1945 ஜூலையில் சோஷி மீது குண்டு விழுந்தபோது மின்நிலையமும் பணிமனையும் பெட்டிகளும் எரிந்தன. அந்த வருஷக் கடைசிக்குள் ரயிலை மறுபடி ஓடவைத்தார்கள். 1948-ல் கம்பெனி இப்போதைய ‘சோஷி மின்ரயில்’ ஆனது.

பயணம்

இன்றும் சோஷி ஸ்டேஷனில் ஜேஆர் என்ற பெரிய ரயில் கம்பெனியின் பிளாட்பாரத்தின் நுனிக்கு நடந்து போனால்தான் இந்த ரயில். தனி வாசல் கிடையாது. நடத்துநர் பெட்டிக்குள் நடந்து வந்து டிக்கெட் கொடுக்கிறார். கிளம்பி இரண்டு நிமிஷத்தில் நகானோசோ. பக்கத்திலேயே யமாசா ஆலை என்பதால் கதவு திறந்ததும் சோயா சாஸ் வாடை உள்ளே வரும். மோத்தோ-சோஷி பக்கம் மரங்கள் இரண்டு பக்கமும் கவிந்து கூரை போட்டிருக்கும். அது முடிந்ததும் முட்டைக்கோஸ் தோட்டங்கள். பத்து ஸ்டேஷன், ஏறக்குறைய 20 நிமிஷம், தோகவா.

நடுவில் கசகாமி-குரோஹாயே. எதிரெதிர் வரும் இரண்டு ரயில்கள் விலகிக்கொள்ள இடம் இருக்கிற ஒரே ஸ்டேஷன். இரண்டும் வந்து நின்றதும் ஊழியர் பிளாட்பாரத்தில் நடந்து, ஒரு ஓட்டுநரிடம் அனுமதி வில்லையை வாங்கி மற்றவரிடம் கொடுப்பார். கையில் அது இருந்தால்தான் அடுத்த துண்டுக்குள் ரயில் நுழையலாம். நம் பழைய லைன்களில் டோக்கன் வளையம் மாற்றியதைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். அழகான காட்சி. அதே சமயம், சிக்னலை நவீனப்படுத்தக் காசில்லாத லைனின் காட்சியும் அதுதான்.

பெட்டிகளும் அப்படியே, எல்லாம் கைமாறி வந்தவை. 1994-ல் வந்த ஒரு வகை, டோக்கியோ கின்ஸா சுரங்க ரயிலில் ஓடியது. அங்கே மின்சாரம் கீழே மூன்றாவது தண்டவாளத்திலிருந்து. இங்கே தலைக்கு மேல் கம்பியிலிருந்து. அதனால் கூரையில் கம்பியைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் பான்டோகிராஃப் வைத்து, சக்கரச் சட்டத்தையே மாற்றி ஓட்டினார்கள். 2010-ல் வந்த பெட்டிகள் 1960-களில் கெய்யோ லைனுக்காகக் கட்டப்பட்டு, பிறகு ஷிகோகு தீவின் இயோ ரயிலுக்குப் போய், மூன்றாவது வீடாக சோஷிக்கு வந்தவை.

தின்பண்டம் உள்ளே வந்தது எப்படி

1965 வாக்கில் சோஷியின் மக்கள்தொகை 90,000-ஐத் தாண்டியிருந்தது. 2020 கணக்கெடுப்பில் 60,000-க்கும் கீழே. கார் வந்தது, இளவட்டம் வெளியூர் போனது, பள்ளிப் பிள்ளைகள் குறைந்தார்கள். இது எல்லாக் கிராமத்து லைனுக்கும் உள்ள கதை என்பதால் நீட்ட வேண்டியதில்லை. 1960-ல் கெய்செய் குழுமத்தைச் சேர்ந்த சிபா கோட்சு என்ற பஸ் கம்பெனி லைனை எடுத்துக்கொண்டது.

1976-ல் கன்னோன் ஸ்டேஷனிலேயே தாயாக்கி சுட்டு விற்க ஆரம்பித்தார்கள். மீன் அச்சில் மாவு ஊற்றி, உள்ளே இனிப்புப் பயறு வைத்துச் சுடும் பண்டம். தாயாக்கியைப் பற்றிய ஒரு குழந்தைப் பாட்டு அப்போது நாடு முழுக்கப் பட்டிதொட்டியெல்லாம் ஒலித்துக்கொண்டிருந்தது. அந்தக் காற்றிலேயே தூற்றிக்கொண்டார்கள். பாட்டு ஓய்ந்த பிறகும் கடை ஓயவில்லை. 2017 வரை அங்கேயே இருந்து, பிறகு இனுபோ ஸ்டேஷனுக்கு மாறியது.

1990-ல் லைன் ஒரு கட்டுமானக் கம்பெனியின் கைக்குப் போனது. அந்தக் காலத்தில்தான், 1995-ல், நூரே செம்பே வந்தது. பண்டம் இவர்கள் கண்டுபிடித்ததில்லை. சோஷியில் ஒரு செம்பேக் கடையின் கைப்பக்குவம் அது. அந்தக் கடைக்காரர்கள் பொத்தி வைக்காமல் ரயில்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். போட்டிக் கடை முளைக்கும் என்று தெரிந்தே கற்றுக்கொடுத்த அந்த மனசுக்கு, இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு வரிகூட ஒதுக்குவதில்லை. ஊர் சோயா சாஸில் முக்கிய ஊர்ப் பண்டம் சில வருஷத்திலேயே டிக்கெட் வருமானத்தைத் தாண்டி விற்றது.

ஆக, 2006-ல் நடந்தது திடீர் அதிர்ஷ்டம் இல்லை. அடுப்பு, ஆள், பொட்டலம், தபாலில் அனுப்பும் பழக்கம், வாங்கிப் பழகிய வாடிக்கையாளர் எல்லாம் 11 வருஷமாக இருந்தன. அறிவிப்பு போட்ட பிறகு அடுப்பு மூட்டியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது.

2006: மூன்று அடி ஒரே நேரத்தில்

தாய்க் கம்பெனியான அந்தக் கட்டுமானக் கம்பெனி 1998-லேயே கவிழ்ந்துவிட்டது. அப்போதைய தலைவர் ரயில் கம்பெனியின் பெயரில் பத்து கோடி யென்னுக்கு மேல் கடன் வாங்கிச் சொந்தக் கணக்குக்குத் திருப்பிக்கொண்டார். விஷயம் வெளியே வந்து அவர் பதவி இழந்து, 2006 ஆகஸ்டில் கைதானார். வாங்காத கடன் கம்பெனி தலையில் விழுந்தது முதல் அடி. இப்படிப்பட்ட கம்பெனிக்கு மக்கள் வரிப்பணத்தைத் தர முடியாது என்று மாகாணமும் நகராட்சியும் மானியத்தை நிறுத்தியது இரண்டாவது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

மூன்றாவது, கெடு. ஜப்பானில் ரயில் பெட்டியை நாலு வருஷத்துக்கு ஒருமுறை முக்கியப் பாகங்களுக்கும், எட்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுசாகவும் கழற்றிச் சோதிக்க வேண்டும். தேதி தாண்டிய பெட்டி ஓடக் கூடாது. பெரிய கம்பெனிக்கு மாற்றுப் பெட்டி இருக்கும். சோஷியிடம் இருந்ததே விரல்விட்டு எண்ணும் அளவு. இரண்டு பெட்டி நின்றால் அட்டவணையே கிழிந்துவிடும். போதாததற்கு 2005-ல் ஹியோகோவில் ஃபுக்குச்சியாமா லைனில் 107 பேர் இறந்த விபத்துக்குப் பிறகு எல்லா இடத்திலும் மேற்பார்வை இறுகியிருந்தது. ‘கொஞ்சம் பொறுங்கள்’ என்று கேட்கிற காலம் போய்விட்டது.

அந்த நெருக்கடியில்தான் அந்த அறிவிப்பு. வரும் ஆர்டருக்குத் தயாரிப்பு ஈடுகொடுக்கவில்லை. சோதனைக்கான பணம் சேர்ந்தது, பெட்டிகள் ஓடின. இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை.

தெரியாதது, அதே குளிர்காலத்தில் வந்த இன்னொரு காகிதம். கான்டோ போக்குவரத்து வட்டார அலுவலகம் லைனைச் சோதித்து, தண்டவாளத்துக்கு அடியில் இருக்கும் மரக்கட்டைகளின் நிலை உட்படப் பல குறைகளைச் சரிசெய்ய உத்தரவு போட்டது. பெட்டியைச் சோதிப்பது ஒருமுறைச் செலவு. கட்டை மாற்றுவது அப்படியில்லை. 6.4 கிலோமீட்டருக்கு ஆயிரக்கணக்கில் கட்டைகள், கடல் காற்று, இந்த முனையில் மாற்றி முடிக்கும்போது அந்த முனையில் உளுத்திருக்கும். ஒரு செம்பே பொட்டலத்தில் நிற்கும் லாபத்தை நினைத்துப் பார்த்தால் கணக்கு எங்கே உதைக்கிறது என்று புரியும்.

பக்கத்து மாகாணத்தில் மூடிய லைன்

இந்த இடத்தில் கஷிமா ரயிலைச் சொல்லாமல் போனால் ஆய்வு நொண்டும். வடக்கே இபராகி மாகாணத்தில் இஷியோகாவிலிருந்து ஹோகோட்டா வரை 27.2 கிலோமீட்டர். அதற்கு முதுகெலும்பு ஹியாகுரி விமானப்படைத் தளத்துக்குப் போன எரிபொருள் சரக்கு. 2001-ல் அது நின்றது. தாய்க் கம்பெனியான கான்டோ ரயில் கொஞ்ச காலம் தாங்கியது. 2005-ல் டோக்கியோவுக்கு வேகமாகப் போகும் சுகுபா எக்ஸ்பிரஸ் லைன் திறந்ததும் தாய்க் கம்பெனியின் பஸ் வருமானமே அடிவாங்கியது. பள்ளி மாணவர்கள் ஆதரவு இயக்கமெல்லாம் நடத்திப் பார்த்தார்கள். 2007 மார்ச் 31-தான் கடைசி ரயில். பாதையின் ஒரு பகுதி 2010 முதல் பஸ் மட்டும் ஓடும் சாலை.

சோஷியின் அறிவிப்புக்கும் கஷிமாவின் கடைசி ரயிலுக்கும் இடையே ஐந்து மாதம்கூட இல்லை. ஊர்ப் பாசத்தில் இரண்டுக்கும் குறைவில்லை. வித்தியாசம் மூன்று என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்று, நீளம்: 27 கிலோமீட்டரை எந்தத் தின்பண்டமும் தூக்காது. இரண்டு, கஷிமாவின் துணை வருமானம் ஒரே ஒரு வாடிக்கையாளரிடமிருந்து வந்தது; சோஷியின் செம்பேயை ஆயிரக்கணக்கான பேர் ஆளுக்கு ஒரு பொட்டலம் வாங்கினார்கள். மூன்று, கஷிமாவுக்கு ஒரு தாய் இருந்தது. அந்தத் தாய் கணக்குப் பார்த்துக் கைவிட்டது. சோஷிக்கு அப்போது கைவிடக்கூட ஆள் இல்லை.

அதற்குப் பிறகு

2011 மார்ச் நிலநடுக்கத்துக்குப் பின் சுற்றுலாக் கூட்டம் அப்படியே வற்றியது. 2013-ல் கம்பெனி, இனி எங்களால் மட்டும் முடியாது என்று வெளிப்படையாகக் கைவிரித்தது. தண்டவாளம், கட்டை, மின்நிலையம் போன்ற அடிப்படை வேலைகளுக்கு மத்திய அரசும் மாகாணமும் நகராட்சியும் சேர்ந்து உதவுகிற ஏற்பாடு அதன் பிறகுதான் உருவானது. என்னைக் கேட்டால் இந்த லைனின் வரலாற்றில் 2006-ஐவிட 2013 பெரிய வருஷம். ஆனால் அரசு மானியத்தைப் படம்பிடிக்க எந்தத் தொலைக்காட்சியும் வராதே.

2014 ஜனவரியில் கசகாமி-குரோஹாயே அருகே ரயில் தடம் புரண்டது. பழுதுபார்க்கக் காசில்லாமல் பெட்டி நின்றபோது சோஷி வணிக மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் இணையத்தில் நிதி திரட்டி, ஏறக்குறைய 50 லட்சம் யென் சேர்த்துக் கொடுத்தார்கள்.

2012 கடைசியில் தலைவரானவர் கட்சுனோரி தகெமோட்டோ, தொழிலால் வரிக் கணக்காளர். கம்பெனிக்கு வெளியிலிருந்து ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தவர் உள்ளே வந்து மாட்டிக்கொண்டார் என்றும் சொல்லலாம். 2016-ல் ரயில் ஓட்டும் உரிமமும் வாங்கினார். தங்கள் ஏழ்மையையே சரக்காக்கி விற்பது இவர் காலத்தில் ஒரு கலையாகவே ஆனது. கோடையில் பேய் வீட்டு ரயில். ஸ்டேஷன் பெயருக்கு விளம்பர உரிமை: கசகாமி-குரோஹாயே என்பதில் ‘குரோஹாயே’யின் எழுத்துக்கள் ‘கருப்பாக முளை’ என்று படிக்கும்படி இருப்பதால், முடி பராமரிப்புக் கம்பெனி ஒன்று அந்த உரிமையை வாங்கி ‘தலைமுடி கருகருவென முளை’ என்ற பொருள் வரும் செல்லப்பெயர் வைத்தது. 2018 ஆகஸ்டில் ‘மசுயிபோ’. ஜப்பானில் ‘உமாய்போ’, அதாவது ‘ருசிக் குச்சி’, என்ற பெயரில் சோள நொறுக்கு பல காலமாக ஓடுகிறது. ‘மசுய்’ என்றால் ருசியில்லை. நிலைமை மோசம் என்றும் அதே சொல்தான். ருசியில் மோசமில்லை, எங்கள் நிலைமைதான் மோசம் என்று சொல்லி விற்றார்கள். லட்சக்கணக்கில் போனது. கொரோனாவில் ரயில் காலியாக ஓடிய 2020-ல் தண்டவாளத்து ஜல்லியைக்கூட டப்பாவில் அடைத்து விற்றார்கள். முதல் லைன் தண்டவாளத்தை விற்று மூடியது; இரண்டாவது லைன் ஜல்லியை விற்று ஓடுகிறது!

இந்தச் சிரிப்பில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. இன்று கம்பெனியின் வருமானத்தில் பெரும்பங்கு பண்டம்தான், டிக்கெட் சிறுபங்கு. செம்பே வாங்கும் டோக்கியோக்காரருக்கு ரயில் ஓடினால் சந்தோஷம். ஆனால் அவர் ஏறப்போவதில்லை. ஏற வேண்டிய பிள்ளை சோஷியில் பிறக்கவில்லை. மற்ற கிராமத்து லைன்களும் இதைப் பார்த்து ஆளுக்கொரு பண்டம் போட ஆரம்பித்துவிட்டன. சோஷியில் சாஸ் இருந்தது, சொல்லிக்கொடுக்க ஒரு கடை இருந்தது, 6.4 கிலோமீட்டர் என்கிற சிறிய உடம்பு இருந்தது. இது மூன்றும் இல்லாத ஊரில் பொட்டலத்தின் மேல் ரயில் படம் போட்டால் போதாது.

2023 ஜூலையில் லைனுக்கு நூறு வயது. 2024 மார்ச்சில் ஒசாகா பக்கத்து நான்காய் ரயிலிலிருந்து இரண்டு பெட்டிகள் வந்து ஓட ஆரம்பித்தன. 1969 வாக்கில் கோயா மலையேறுவதற்கென்று கட்டியவை. தோகவாவில் தண்டவாளம் முடிகிற இடத்தில், 1950-ல் செய்த ‘தேஹா 801’ என்ற பழைய பெட்டி ஓய்வுபெற்று நிற்கிறது. புதிதாக வந்த நான்காய் பெட்டிகள் அதன் பக்கத்தில் வந்து நின்று, ஆள் இறக்கி, திரும்ப சோஷிக்குக் கிளம்புகின்றன.